பயப்படத் தெரிந்தவர்

தென்னை மரத்துக்குக் கீழே நடந்து போக ஹெல்மெட் போட்டுக்கொள்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, வருடக்கணக்காக அவர்மேல் பொறாமைப்பட்டும் இருக்கிறேன்.

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று எங்கள் தெருவுக்குக் குடிவந்தவர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிலிட்டரி என்றால் அவர்தான். மரக்காணத்து உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிற என்ஜினைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். நானும் என் மனைவி செல்வியும் அதே உப்பளம்தான். அவள் உப்பு சுமப்பாள். நான் உப்பு வாருவேன். வாருகிற நேரம் போக மீதி நேரத்தில் பேசுவேன் என்பது என் கணக்கு. பேசுகிற நேரம் போக மீதி நேரத்தில் வாருவேன் என்பது மேஸ்திரியின் கணக்கு. பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் இருந்ததில்லை, ஆகவே கணக்கில் அவரோடு சண்டை போடுவதில்லை.

மிலிட்டரியிடம் வண்டி கிடையாது. ஹெல்மெட் மட்டும் உண்டு. அவர் வீட்டிலிருந்து டீக்கடை வரைக்கும் வரிசையாகத் தென்னை மரங்கள். காலையில் ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே வாரையும் பூட்டிக்கொண்டு நடந்து வருவார். முதல் நாளே நான் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா மிலிட்டரி அண்ணே, வண்டிய வூட்லயே மறந்துட்டு ஹெல்மெட்ட மட்டும் ஓட்டிகினு வந்துட்டீங்களா?"

"இது வண்டிக்கு இல்லப்பா. தேங்காய்க்கு."

"தேங்காய்க்குக் கண்ணு இருக்குது அண்ணே. ஆள் மேல விழாது."

"அது தூங்கிட்டா?"

கடையே சிரித்தது. அந்தக் கடையைச் சிரிக்கவைக்க நான் தினமும் தொண்டை வறளக் கத்த வேண்டும், மேஸ்திரி நடக்கிற மாதிரி நடந்து காட்ட வேண்டும், சில நாள் வேட்டியைத் தலையில் கட்டிக்கொள்ளவும் வேண்டும். இந்த ஆள் டீயைக் கையில் வாங்குவதற்குள் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்.

அன்று முதல் நான் தென்னை மரங்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். தேங்காய் அவர் தலையில் விழுந்தால் ஹெல்மெட் காப்பாற்றியது என்று அவருக்குப் பெயர். வேறு யார் தலையிலாவது விழுந்தால் அவரைப்போல ஹெல்மெட் போட்டிருக்கலாமே என்று அதற்கும் அவருக்கே பெயர். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவர் பக்கமே வெற்றி. கடைசிவரை ஒரு குரும்பைகூட விழவில்லை. அதற்கும் யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. என் தலையில் விழாத தேங்காய்க்கு மட்டும் ஊரில் எந்த மரியாதையும் கிடையாது.

ஒரு தீபாவளிக்கு அவரைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். டீக்கடைக்குப் பின்னால் பெரிய வெடி ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீ குடித்தேன். வெடி வெடித்தது. சத்தம் அடங்குவதற்குள் மிலிட்டரி பெஞ்சுக்கு அடியில் இருந்தார். போகும்போது சும்மா போகவில்லை, என் பிடரியைப் பிடித்து என்னையும் உள்ளே இழுத்துப் போட்டு மூஞ்சியைச் சேற்றில் அழுத்திவிட்டார். வெளியே வந்து பார்த்தால் அவருடைய டீ கிளாஸ் பெஞ்சின்மேல் வைத்தபடியே சிந்தாமல் இருக்கிறது. என்னுடைய டீ முழுவதும் என் முதுகில்.

டீக்கடைக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "பட்டாளத்துல இருந்துட்டு வந்து பட்டாசுக்குப் பயப்படறீங்களே?"

"சத்தம் கேட்டா முதல்ல படுத்துடணும். பட்டாசா குண்டான்னு படுத்துகினே யோசிக்கலாம்."

"வெக்கமா இல்லையா?"

"வெக்கப்படறதுக்கு உசுரு வேணும்ல" என்று சொல்லிவிட்டு மீதி டீயைக் குடித்தார்.

அந்த வாக்கியம் ஒரு வாரம் ஊரெல்லாம் சுற்றியது. நான் வைத்த வெடி, என் செலவு, என் முதுகில் டீ. பெயர் மட்டும் அவருக்கு.

சண்டைக் கதை கேட்டாலும் இதே மாதிரிதான். அவர் பனிமலை எல்லையில் இருந்தவர், குண்டு விழுந்த காலத்தில் அங்கேயே இருந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். யாராவது ஆசையாகக் கேட்பார்கள், "எத்தினி பேர சுட்டீங்கண்ணே?"

"ஒளியறதுக்கே நேரம் சரியாப் போச்சுப்பா."

பிறகு எப்படி ஒளிவது என்று சொல்வார். பாறைக்கு எந்தப் பக்கம் படுக்க வேண்டும், குண்டு விழும்போது வாயை ஏன் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், பனியில் கருப்பாக எதையும் வெளியே விட்டுவைக்கக் கூடாது. வீரக் கதை கேட்க வந்தவர்கள் ஒளிகிற கதையைக் கேட்டுவிட்டு, வீரக் கதை கேட்டதைவிடச் சந்தோஷமாக எழுந்து போவார்கள். நான் ஒருமுறை ஏரிக்கரையில் நல்ல பாம்பை அடித்த கதையை எடுத்தேன். "அது சாரைப் பாம்பு, அதுவும் ஏற்கெனவே செத்தது" என்று செல்வி எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டாள்.

செல்வியை நான் இதுவரை ஒழுங்காக அறிமுகப்படுத்தவில்லை. என் பேச்சுக்குச் சிரிக்காத ஒரே ஆள். கல்யாணமான புதிதில் சிரித்தாள். அப்புறம் ஒவ்வொன்றையும் இரண்டாவது தடவை கேட்க வேண்டி வந்ததும் நிறுத்திவிட்டாள். அப்படிப்பட்டவள் மிலிட்டரி சொன்னதை மட்டும் வீட்டுக்கு வந்து எனக்கே சொல்லிக் காட்டுவாள். கல்யாண மண்டபத்துக்குப் போனால் பக்கவாட்டு வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். ஏன் என்றால், "தீ கீ புடிச்சா வெளிய ஓடலாம், மிலிட்டரி அண்ணன் அப்டித்தான் உக்காருவாரு" என்றாள். அந்த மூலைக்குப் பாயசம் வந்து சேர்வதற்குள் பாத்திரம் காலி. தீயும் பிடிக்கவில்லை, பாயசமும் கிடைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிலிட்டரி உப்புத் தண்ணீர் வாய்க்கால் ஓரம் குந்திக்கொண்டு சேற்று நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நானும் போய்ப் பக்கத்தில் குந்தினேன். அப்படி என்னதான் தெரிகிறது என்று பார்க்க வேண்டுமே.

"அதோ பாரு, வளைய வுட்டு எவ்ளோ தூரம் வருதுன்னு பாரு. திரும்பி ஓடற தூரத்துக்கு மேல ஒரு அடி வராது" என்றார்.

"அப்ப நண்டு நீங்க. நான் யாரு அண்ணே?"

யோசிக்கவே இல்லை. "நீ பேத்தை மீனு. எவனாவது தொட்டா காத்த இழுத்து வயித்த உப்பிப்ப. தொட்டவன் சிரிச்சிட்டு வுட்டுட்டுப் போயிடுவான். அதுவும் ஒரு தப்பிக்கற வழிதாம்பா."

திட்டினாரா பாராட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வலையில் வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் தூக்கிக் கரையில் எறிகிற மீன் அது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. அதைச் செல்வியிடம் போய்ச் சொன்னது என் தப்பு. அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் பேத்தை.

புயல் வந்த வருடத்தில்தான் என் வயிற்றெரிச்சல் முற்றியது. ஆட்டோவில் மைக் கட்டி, எல்லோரும் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குப் போகும்படி அறிவிக்க வேண்டும். அதற்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஊரிலேயே பெரிய தொண்டை என்னுடையது. நான் தெருத்தெருவாகப் போனேன். "புயல் வருது, புயல் வருது, பாயும் பாத்திரமும் எடுத்துகினு கட்டடத்துக்கு வாங்க. உப்புமா உண்டு, சட்னிக்கு உத்தரவாதம் இல்ல" என்று நடுநடுவே என் சரக்கையும் சேர்த்துவிட்டேன். சனங்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

அப்போது மிலிட்டரி வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். தலையில் ஹெல்மெட், ஒரு கையில் டார்ச், கக்கத்தில் தலையணை. யாரிடமும் எதுவும் பேசவில்லை. கட்டடத்தைப் பார்த்து நடந்தார், அவ்வளவுதான். அந்தத் தலையணையைப் பார்த்ததும் தெருவே கலைந்தது. அடுப்பை அணைக்கிறார்கள், ஆட்டை அவிழ்க்கிறார்கள், குழந்தையை இடுப்பில் வைக்கிறார்கள். என் மைக்கால் ஆகாததை ஒரு தலையணை செய்துவிட்டது.

நான் கடைசித் தெருவரை கத்திவிட்டுக் கட்டடத்துக்குப் போனபோது கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. செல்வி நல்ல சுவர் ஓரமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி, மைக்ல சொன்னவன் நான். உனக்கு எடம் அங்க, எனக்கு எடம் இங்கயா?"

"நீ சொல்றப்ப சும்மா சொல்றியோன்னு நெனச்சிட்டேன்யா."

வெளியே மரங்கள் முறிகிற சத்தம் கேட்டது. எங்கள் கூரை போனது பிறகு தெரிந்தது. உள்ளே இருந்ததால் ஆட்கள் எல்லோரும் பிழைத்தோம். மறுநாள் ஊர் முழுக்க ஒரே பேச்சு, மிலிட்டரி தலையணையை எடுத்தாரே, அதான். என் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு வாரம் பேச்சே வரவில்லை. அந்த ஒரு வாரம் ஊர் நிம்மதியாக இருந்ததாகவும் சொன்னார்கள்.

இனி உப்பளத்துப் பழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரிய உப்பைக் கரைமேல் ஆள் உயரத்துக்கும் மேலே மலைபோலக் குவித்து வைப்போம். அதுதான் அம்பாரம். மழை தூறினால் வேறு ஊரில் மனிதர்கள் கூரைக்கு ஓடுவார்கள். நாங்கள் அம்பாரத்துக்கு ஓடுவோம். உச்சிவரை ஏறித் தார்ப்பாயை இழுத்து மூடுவோம். "மழைன்னா முதல்ல உப்பு, அப்புறம்தான் உடம்பு" என்பது எங்கள் உப்பளத்துப் பேச்சு. வெயிலில் வெந்து வாரிய உப்பு கண்ணெதிரே கரைந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எவராலும் முடியாது. அந்தப் பக்கக் கரையில் ஒரு பனையை விட்டால் சுற்றிலும் மரம் இல்லை, வீடு இல்லை, கண்ணுக்கு எட்டின தூரம் தரை. அந்தத் தரையில் எங்கள் பக்கம் எல்லாவற்றையும்விட உயரமாக நிற்பது அம்பாரம். அதற்கும் மேலே நிற்பது தார்ப்பாயைப் பிடித்திருக்கும் பெண். மின்னலுக்கு இதைவிட வசதியாக யாரும் வழி செய்துகொடுக்க முடியாது. பக்கத்து உப்பளத்தில் ஒரு பெண் அப்படியே போய்ச் சேர்ந்தாள். அதைப் பார்த்த பிறகும், அடுத்த மழைக்கு எங்கள் பெண்கள் ஏறத்தான் செய்தார்கள். பழக்கம் மின்னலைவிடப் பெரியது.

புயலுக்கு அடுத்த கோடையில் ஒரு மதியம். வடக்கே வானம் கருத்து, சட்டென்று காற்று குளிர்ந்தது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு அம்பாரத்தில் ஏறினார்கள். உச்சியில் செல்வி. நான் கீழே தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்திருந்தேன். தூரத்தில் ஒரு மின்னல் தரைவரை இறங்கியது. அந்த வெளிச்சத்தில் செல்வி தார்ப்பாயோடு நிற்பது கருப்பாகத் தெரிந்தது.

"செல்வி, இறங்குடி! உப்பு போனா போவுது, இறங்கு!"

"போன வாரம் பாம்பு பாம்புன்னு கத்தி எங்கள ஓட வுட்டல்ல? ஒழுங்கா கயிற இழுயா!"

மற்ற பெண்களும் சிரித்தார்கள். பாம்பு கத்தல் உண்மைதான். சும்மா ஒரு வேடிக்கைக்குச் செய்தேன்.

என்ஜின் கொட்டகையிலிருந்து மிலிட்டரி ஓடிவந்தார். "இறங்குங்கம்மா! மேல நிக்காதீங்க! கீழ வாங்க!"

"அண்ணனுக்குத் தேங்காய்க்கே பயம், இடிக்குக் கேக்கணுமா?" என்று ஒருத்தி மேலே இருந்து கத்தினாள். மறுபடியும் சிரிப்பு. என் பேச்சு எப்போதும் விளையாட்டு, அவர் பேச்சு எப்போதும் பயம். இரண்டும் அங்கே ஒரே விலைக்குப் போயின. இன்னொரு மின்னல், முன்னதைவிடப் பக்கத்தில். பெண்கள் குனிந்தார்கள், இறங்கவில்லை. தார்ப்பாய் பாதிதான் மூடியிருந்தது.

அப்போது மிலிட்டரி ஒன்று செய்தார். அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். அம்பாரத்தை விட்டுத் தள்ளி, கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த காய்ந்த பள்ளத்துக்குப் போனார். கீழே கல் இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்தார். பிறகு "ஐயோ" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து கையையும் காலையும் உதறினார்.

"அண்ணனுக்கு வலிப்புடீ!"

மேலே இருந்த அத்தனை பேரும் தார்ப்பாயை விட்டுவிட்டுச் சரிந்து இறங்கி ஓடினார்கள். செல்விதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இரும்பு, இரும்பு குடுங்க" என்று கத்தி, தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணித்தாள். மின்னலுக்குப் பயந்து பள்ளத்தில் விழுந்த மனிதர் கையில் இரும்பு! அவர் தூக்கி எறிந்தார். செல்வி பொறுக்கிவந்து திரும்பத் திணித்தாள். திரும்ப எறிந்தார். "ரொம்ப முத்திப்போச்சு, சாவியக்கூட புடிக்க முடியல" என்று ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி கொட்டகைக்குள் ஓடி ஒரு கடப்பாரையையே தூக்கிவந்தாள். அதைப் பார்த்ததும் மிலிட்டரி நிஜமாகவே உதறினார்.

அந்தச் சமயம் உலகம் வெள்ளையாகி, காது அடைத்தது. அந்தப் பக்கக் கரையில் ஒண்டியாக நின்ற பனைமரத்தின் தலை புகைந்துகொண்டிருந்தது. எங்கள் அம்பாரத்துக்கும் அந்த மரத்துக்கும் அதிக தூரமில்லை. பெண்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மிலிட்டரி மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, பெண்கள் எல்லோரும் பள்ளத்துக்குள் இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார்.

நான் ஊரில் எத்தனையோ தடவை செத்து விழுந்து நடித்தவன். மேஸ்திரி திட்டும்போது மயக்கம், வேலை அதிகமானால் நெஞ்சுவலி. என் கலை எனக்குத் தெரியும். அவர் நடிப்பில் நுரை இல்லை, கை உதறியதும் கால் உதறியதும் ஒத்துப்போகவில்லை, இரண்டாம்தரம். ஆனாலும் ஊரே நம்பியது. என் மனைவி அவர் தலையை மடியில் வைத்து முந்தானையால் மழையை மறைத்துக்கொண்டிருந்தாள். நான் கயிற்றைப் பிடித்தபடி நனைந்து நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"நடிப்புன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா வாய மூடிகினு இரு."

"ஏன், சொன்னா இன்னா? காப்பாத்துனீங்கன்னு மாலையே போடுவாங்க."

"மாலை போட்டுட்டு அடுத்த மழைக்கு மேல ஏறிடுவாங்க. அப்ப இன்னொரு தடவ விழுந்தா நம்புவாங்களா?"

பிறகு அவராகவே சொன்னார். மலைமேல் இருந்தபோது ஒருநாள் குண்டு விழ ஆரம்பித்தது. எல்லோரும் பதுங்கு குழிக்குள் போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் வெட்டவெளியில் கையில் கரண்டியோடு மரம் மாதிரி நின்றுவிட்டான். வா வா என்று கத்தினார்கள். காலெல்லாம் கல்லாகிவிட்டது அவனுக்கு. அப்போது குழிக்குள் இருந்த ஒருவர், "என் கால் போச்சு, யாராவது வாங்க" என்று அலறினார். நின்றவன் கரண்டியைப் போட்டுவிட்டு அவரைத் தூக்க ஓடினான். போய்ப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. அவன் நின்றிருந்த இடத்தில்தான் ஒன்றும் மிச்சமில்லை.

"பயந்து நிக்கறவன வான்னு கூப்புட்டா வரமாட்டாம்பா. எனக்கு ஒதவி பண்ணுன்னு கூப்புட்டா ஓடி வருவான்."

"கரண்டியோட நின்னவன் யாரு?"

"நான்தான். பட்டாளத்துல சமையக்காரனா இருந்தேன்."

பாருங்கள், எனக்கு எப்படிப்பட்ட சரக்கு கிடைத்தது. எங்கள் மிலிட்டரி துப்பாக்கிக்காரர் இல்லை, குழம்புக்காரர். ஒரு மாதம் டீக்கடையை ஓட்டலாம். சொல்லாமல் காப்பாற்றினேன் என்று நான் பெருமையடிக்கப் போவதில்லை. சொன்னேன். வலிப்பு நடிப்பு என்றும் சொன்னேன், சமையல்காரர் என்றும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. "டேய், வியாதிக்காரன வச்சி காமெடி பண்ணாதடா" என்று டீக்கடைக்காரர் என் கிளாஸைப் பாதியில் பிடுங்கிக்கொண்டார். செல்வி ஒரே வார்த்தையில் முடித்தாள்.

"பொறாமை."

அது உண்மைதான்.

அவருக்கும் அந்த நடிப்பு சும்மா வரவில்லை. வலிப்பு உள்ளவரை என்ஜின் பெல்ட் பக்கத்தில் விடக் கூடாது என்று மேஸ்திரி அவரை மாற்றிவிட்டார். மூட்டை தைக்கிற கொட்டகையில் ஊசியும் சணலுமாகப் போய் உட்கார்ந்தார். அந்த என்ஜினைத் துடைத்துத் துடைத்துக் குழந்தை மாதிரி வைத்திருந்தவர். புதிதாக வந்தவன் அதைத் திணறத் திணற இழுக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கை ஊசியோடு நின்றுவிடும். ஒருவேளை ஒருவார்த்தை சொன்னால் வேலை திரும்பக் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் உப்பளத்தில் புதுப் பழக்கம் வந்தது. இடி முழங்கினால், "அண்ணனுக்கு ஆவாதுடீ, போய்ப் புடிங்க" என்று பெண்கள் எல்லோரும் முதலில் பள்ளத்துக்கு ஓடுவார்கள். அவர் முன்கூட்டியே போய் அங்கே தயாராகக் குந்தியிருப்பார். சுற்றி உட்கார்ந்து ஒருத்தி தலையைப் பிடிப்பாள், ஒருத்தி காலைப் பிடிப்பாள். மேகம் கடந்த பிறகே அம்பாரத்துக்கு வருவார்கள். உப்பு கொஞ்சம் கரையும். மேஸ்திரி பல்லைக் கடிப்பார், ஆனால் நோயாளியை விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வார்? நண்டுக் குழம்பு வைக்கிற நாளெல்லாம் என் வீட்டிலிருந்து அவருக்கு ஒரு கிண்ணம் போனது. தூக்கிக்கொண்டு போனவன் நான். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அண்ணே, என் பொண்டாட்டி மடியில தல வச்சி படுத்துகினு இருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?"

"கழுத்து வலிக்குதுப்பா. உன் பொண்டாட்டி அமுத்திப் புடிக்கறா."

எனக்கு அப்படி ஒரு கழுத்துவலி வந்ததே இல்லை.

பிறகு ஓசூரிலிருந்து அவர் மகள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பஸ் ஏறும்போது ஜன்னல் ஓரம் உட்காராமல் உள்பக்கம் உட்கார்ந்தார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குள் சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.

இந்தக் கோடையின் முதல் இடி முழங்கியபோது பெண்கள் வழக்கப்படி பள்ளத்துப் பக்கம் திரும்பினார்கள். பள்ளம் காலி. ஒரு கணம் நின்றார்கள். பிடிப்பதற்கு ஆள் இல்லையென்றால் என்ன செய்வது? பழையபடி அம்பாரத்தில் ஏறினார்கள். செல்வி பழையபடி உச்சியில்.

என் நேரம் வந்துவிட்டது என்று பள்ளத்துக்கு ஓடி விழுந்தேன். கையும் காலும் ஒத்துப்போக உதறினேன். பல்லிடுக்கில் எச்சிலைச் சேர்த்து நுரையும் தள்ளினேன். முதல்தரமான வலிப்பு, மிலிட்டரி பார்த்திருந்தால் கற்றுக்கொண்டிருப்பார்.

"நுரை நல்லா இருக்குதுயா. எழுந்து வந்து கயிறப் புடி!" என்றாள் செல்வி. சிரிப்புச் சத்தம் மழைக்கு மேலே கேட்டது.

உடனே பக்கத்துப் பாத்தியில் ஒரு மின்னல் இறங்கியது. தண்ணீர் வெளிச்சமாக எகிறியது. என்னால் எழ முடியவில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டேன், தலையை உள்ளே நுழைத்துக்கொண்டேன். மேலே அவள் இருக்கிறாள், கூப்பிட வேண்டும் என்று தெரிகிறது. வாய் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"யோவ்!" என்றாள்.

நான் பேசவில்லை.

"யோவ் பேத்தை! இன்னாயா, சத்தத்தயே காணோம்?"

நான் பேசவில்லை. பற்கள் மட்டும் தானாக அடித்துக்கொண்டன.

தார்ப்பாய் காற்றில் படபடக்கிற சத்தம் கேட்டது. யாரோ அதை விட்டுவிட்டார்கள். உப்பில் கால் சரிகிற சத்தம். அவள் ஓடிவந்து பள்ளத்தில் குதித்து என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கிவந்து உட்கார்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. மழை கொட்டியது. அம்பாரம் ஓரத்திலிருந்து வெள்ளையாகக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி எங்கேயோ கத்திக்கொண்டிருந்தார்.

இடி கடலுக்குப் போன பிறகுதான் எனக்கு நாக்கு திரும்பியது. பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானம் போய்விடுமே.

"எப்டி நடிச்சேன்?" என்றேன்.

"நல்லாத்தான் நடிச்ச" என்றாள் செல்வி.

"மிலிட்டரி அண்ணனவிடவா?"

"அவருக்கு நெஜமான வியாதிய்யா. உன்னுது நடிப்பு."

நடுங்கிக்கொண்டிருந்த என் கையை அவள் அதுவரை தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்து அமுத்திப் பிடித்திருந்தாள். அதற்குப் பிறகும் விடவில்லை.